கடிகாரம் வேண்டாம், பம்பளிமாஸ் வாங்கிப் போங்கள்

கேள்வி: கோவையில் அலங்கார விளக்குக் கடை வைத்திருக்கிறேன். சீனாவில் குவாங்டோங் மாகாணத்தின் சோங்ஷான் பக்கம் உள்ள குஜென்னிலிருந்து மூன்று வருடமாகச் சரக்கு எடுக்கிறேன். இந்தச் செப்டம்பரில் போகும்போது, நிலா விழா அன்று வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி ஆலை முதலாளி அழைத்திருக்கிறார். வீட்டில் அவர், மனைவி, வயதான அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். எங்கள் கடைப் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்று, நெய் மைசூர்பாகு ஒரு கிலோ, பிள்ளைகளுக்குக் கவரில் ஆளுக்கு 101 யுவான் என்று யோசித்து வைத்திருக்கிறேன். நான் சைவம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, பிழைத்தீர்கள். மூன்றும் வேண்டாம்.

முதலில் கடிகாரம். சீனத்தில் கடிகாரம் கொடுப்பதை ‘சோங் ஜோங்’ என்பார்கள். சாகும் தறுவாயில் இருப்பவரின் பக்கத்தில் இருந்து வழியனுப்பி வைப்பதற்கும் அதே ‘சோங் ஜோங்’தான். எழுத்து வேறு, ஒலி ஒன்று. வயதான அம்மா இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பெரிய இடத்திலேயே இந்தத் தவறு நடந்திருக்கிறது. 2015-ல் பிரிட்டன் அமைச்சர் சூசன் கிரேமர் தைவான் தலைநகர் தைபேயின் மேயர் கோ வென்-ஜெவுக்கு ஒரு பாக்கெட் கடிகாரம் பரிசளித்தார். பழைய இரும்புக்குப் போட்டுக் காசாக்கலாம் என்று மேயர் நிருபர்களிடம் சொல்லிவிட்டார். அமைச்சர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

இதற்கெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் ஒலியில் இருக்கிறது. குடைக்கு ‘சான்’, பிரிந்து சிதறுவதற்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. பேரிக்காய் ‘லீ’, பிரிவும் ‘லீ’. நான்கு என்ற எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். அதனால் நான்கு டம்ளர், நான்கு கிண்ணம் என்று செட்டாக எதுவும் வாங்கிவிடாதீர்கள். நமக்கு இது புரியாத விஷயமா என்ன? வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘போயிட்டு வர்றேன்’ என்போம். விளக்கை ‘அணை’ என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும், ‘குளிர வை’ என்று திருத்துவாள். விளக்குக் கடைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்!

ஒலி கெடுப்பது போலவே கொடுக்கவும் செய்யும். எட்டு, செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லை ஒட்டி ஒலிக்கிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு 8 மணிக்குத் தொடங்கியது சும்மா இல்லை. யானையும் இப்படித்தான்: ‘சியாங்’ என்ற பெயர், மங்கலம் என்று பொருள்படும் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே கடிகாரத்துக்குப் பதிலாகக் கையால் செதுக்கிய சின்ன மர யானை ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். ஒற்றையை விட ஜோடிக்கு அங்கே மதிப்பு. வாங்கும்போது அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் யானைகளில் சில அங்கேயிருந்தே வந்தவை. பட்டுப் புடவை, சால்வை எல்லாம் வேண்டாம், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். சிவப்பு அல்லது பொன் நிறத் தாளில் சுற்றச் சொல்லுங்கள். வெள்ளையும் கறுப்பும் துக்கத்துக்கு.

அடுத்தது பணம். நாம் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்தால்தான் அது மொய். அங்கே அப்படியே தலைகீழ்: நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, துக்க வீட்டுக்கு ஒற்றைப்படை. குவாங்டோங் பக்கத்து மொழியான கான்டனீஸ் பேசுகிறவர்கள் 101 என்றாலே இழவுக் காசை நினைப்பார்கள். தவிர, சிவப்பு உறை புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் உரியது; நிலா விழாவுக்கு வழக்கமில்லை. பின்னால் என்றாவது புத்தாண்டுக்குப் போக நேர்ந்தால், புது நோட்டாக 20 யுவான் வைத்துக் கொடுத்தால் போதும். குவாங்டோங்கில் தொகை சிறிதாக இருப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. இப்போதைக்குப் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில், விளையாட்டுச் சாமான் என்று ஏதாவது கொடுங்கள்.

மைசூர்பாகுக்கு இரண்டு தடை. பயணிகள் கொண்டுவரக் கூடாத பொருட்களின் சீனப் பட்டியலில் வெண்ணெய் போன்ற பால் பொருட்கள், பதப்படுத்தாத பழங்கள் எல்லாம் உண்டு. நெய் இனிப்பை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வாதாட முடியாது. தப்பிப் போனாலும், ‘அதிகம் இனிக்கவில்லை’ என்பதுதான் அங்கே ஒரு பலகாரத்துக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. மைசூர்பாகு அந்தப் பரீட்சையில் தேறாது.

பழத்தை அங்கேயே வாங்குங்கள். அந்தப் பருவத்துக்கு உரியது பம்பளிமாஸ். அதன் பெயர் காத்து அருளுதல் என்னும் சொல்லை ஒத்து ஒலிப்பதால் ராசியான பழம். ஒரு ஜோடி பம்பளிமாஸ் அம்மாவுக்கு என்று சொல்லி, முதலில் அவரிடம் கொடுங்கள். பெரியவருக்குக் கொடுத்த மரியாதையை அந்த வீடு மறக்காது. கூட, இந்த விழாவுக்கென்றே செய்யும் நிலா அப்பம் ஒரு பெட்டியும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது நம் தீபாவளி சோன்பப்டி மாதிரி: வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆடம்பரப் பெட்டி தேவையில்லை. பெட்டி 500 யுவானைத் தாண்டினால் 2022 முதல் அரசே கண்காணிக்கிறது.

இனி கொடுக்கும் முறை. நான் முதல் முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் பையை நீட்டினேன். வீட்டம்மா கையை ஆட்டி ‘வேண்டாம், வேண்டாம்’ என்றார். மறுபடி நீட்டினேன், மறுபடி தள்ளினார். மூன்றாவது தடவை வாங்கி, உள்ளே என்ன என்று எட்டிக்கூடப் பார்க்காமல் அலமாரி மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். பிடிக்கவில்லை போல என்று சாப்பாடு முழுக்கத் தவித்தேன். பிறகுதான் தெரிந்தது, அதுதான் அங்கே மரியாதை. உடனே வாங்கினால் ஆசை, கொடுத்தவர் எதிரில் பிரித்தால் அவசரம். நீங்களும் தளராமல் மூன்று முறை நீட்டுங்கள்.

சாப்பாட்டு மேசையில் முதலாளி காட்டும் இடத்தில் உட்காருங்கள், நீங்களாகப் போய் உட்கார வேண்டாம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றிய தோற்றம் வந்துவிடும். யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மடக்கி மேசையில் லேசாகத் தட்டுங்கள். குவாங்டோங்கில் அதுதான் நன்றி. பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. தட்டைத் துடைத்து வைத்தால் பசி தீரவில்லை என்று மறுபடி நிரப்புவார்கள், கொஞ்சம் மிச்சம் விடுங்கள்.

சைவம் என்பதை இப்போதே எழுதி அனுப்புங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதினால் கீரை வரும், ஆனால் சிப்பிச் சாற்றில் வதக்கி வரும். மீன், முட்டை, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நிலா அப்பத்திலும் கவனம்: அந்தப் பக்கத்துத் தாமரை விதை அப்பத்தின் நடுவில் பெரும்பாலும் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு இருக்கும். உங்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிடுவதில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். விடுதிப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் ஒன்று. 2026-ல் நிலா விழா செப்டம்பர் 25. அன்று ராத்திரி விலைப் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் அக்டோபர் 1 தேசிய தினம், அதிலிருந்து ஒரு வாரம் ஆலைகளில் ஆள் இருக்காது. 28, 29 தேதிகளில் அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்குக் கணக்கை முடித்துவிடுங்கள்.