கிறிஸ்துமஸ் முடிந்தது, குப்பை முடியவில்லை: வாசகர் கேள்வி – பதில்

பண்டிகை முடிந்த கையோடு வந்து குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை குப்பையைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிஃப்ட் பேப்பர் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் போட முடியாது. ஒரு தாளை எடுத்து நன்றாகக் கசக்கிவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டை அப்படியே இருந்தால் காகிதம். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அது பளபளப்புக்காக அலுமினியப் பூச்சு கொடுத்த வெறும் பிளாஸ்டிக். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, ஓரத்தைக் கொஞ்சம் கிழியுங்கள். காகிதத்தின் மேல் படலம் ஒட்டியிருந்தால் அது மட்டும் கிழியாமல் இழுபட்டுக்கொண்டு வரும்.

ஜிகினாத் தூள் ஒட்டிய தாள் இந்தப் பரீட்சையில் தேறினாலும் ஒதுக்கத்தான் வேண்டும். காகித ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குகிறார்கள். ஸ்டேப்பிள் பின், மை, பசை போன்றவற்றை அங்கே ஓரளவு பிரித்தெடுக்க வழி இருக்கிறது, ஆனால் ஜிகினா என்பது பெரும்பாலும் பொடிப்பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக், கூழோடு கலந்துவிட்டால் அதைப் பிரிப்பது பெரும்பாடு. செல்லோடேப், ரிப்பன், பூ முடிச்சு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நல்ல ரிப்பனைச் சுருட்டி அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கிஃப்ட் பையும் அப்படித்தான்.

அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்து, மழையில் நனையாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் ஊறிய அட்டையைச் சேர்க்க வேண்டாம், கூழிலிருந்து எண்ணெயைப் பிரிக்க முடியாது. இன்னொன்று, காகிதத்தின் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே வரும், சுமார் 5 முதல் 7 தடவைக்கு மேல் தாங்காது. மறுசுழற்சிக்குப் போகிறதே என்று மனசுபோல் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: என் கணவர் எது கையில் கிடைத்தாலும் மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறார். கேட்டால், “அங்கே பிரிக்க ஆள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார். அவர் செய்வது சரியா?

பதில்: இல்லை, இதைப் படித்துக் காட்டுங்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறார் என்பது புரிகிறது, ஆனால் ‘எப்படியாவது ஆகட்டும்’ என்று போடும் ஒரு பொருள், பக்கத்தில் இருக்கும் நல்ல பொருளையும் சேர்த்துக் கெடுக்கிறது. மீந்த குழம்பு உள்ளேயே இருக்கும் ஒரு டப்பா உடைந்தால் சுற்றியுள்ள காகிதமெல்லாம் வீண். அழுக்கு அதிகமாகிவிட்டால் மொத்த லோடையும் குப்பைமேட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். சந்தேகமான பொருளைச் சாதாரணக் குப்பையில் போடுவதுதான் மறுசுழற்சிக்குச் செய்யும் உதவி, கேட்க விசித்திரமாக இருந்தாலும்.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்ததும் மறுசுழற்சி ஆகும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. 1, 2 என்று இருந்தால் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்வார்கள், 5-ஐச் சில இடங்களில். 3, 6, 7 வந்தால் பெரும்பாலும் யாரும் தொடமாட்டார்கள். உங்கள் பகுதியில் எதை எடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக் குறித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், சண்டை மிச்சம்.

அப்புறம், டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும். அலுமினியத் தாளைத் துண்டு துண்டாகப் போடாமல் ஒன்றோடொன்று சேர்த்துக் கைமுட்டி அளவு உருண்டையாக்குங்கள், சின்னத் துண்டுகள் இயந்திரத்தின் இடுக்கில் விழுந்து காணாமல் போய்விடும். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதத்திலேயே பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம் என்பதால் இதைத் தவறவிட்டால் நஷ்டம்.

கேள்வி: சீரியல் செட்டில் பாதி எரியவில்லை. ஒயர், பிளாஸ்டிக் எல்லாம் மறுசுழற்சி ஆகும்தானே?

பதில்: ஆகும், ஆனால் வீட்டு மறுசுழற்சித் தொட்டி வழியாக ஆகாது. தரம் பிரிக்கும் கூடங்களில் வரிசையாகச் சுழலும் தட்டுகள் இருக்கும். அட்டை மேலே உருண்டு போகும், சின்னப் பொருள்கள் இடுக்கு வழியாகக் கீழே விழும். ஒரு சீரியல் செட் உள்ளே போனால் அந்தத் தட்டுகளின் அச்சில் சுற்றிக்கொள்கிறது, அதன் மேல் அடுத்த ஒயர், பை, ரிப்பன் என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓர் ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. இதைத்தான் மேலே ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொன்னவருக்கும் சொல்கிறேன்.

தூக்கிப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். பல்புகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரே ஒரு பல்பு போனாலும் அந்தப் பகுதி முழுக்க அணைந்துவிடும். பழைய மாதிரி செட்டாக இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நல்ல பல்பை ஒவ்வொரு இடமாக மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். சரியாகவில்லை என்றால் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், உள்ளே இருக்கும் செம்புக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பேப்பரோடு போடலாமா?

பதில்: முதலில் அதன் உள்தாளைப் பிரியுங்கள். ஒரு சின்ன வட்ட ஸ்பீக்கர், இரண்டு மெல்லிய ஒயர், அவற்றோடு சட்டைப் பித்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அந்தப் பேட்டரியை எடுத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடி 2 மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துபோகும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், காத்திருக்கக் கூடாது.

பொம்மைகளில் இருக்கும் லித்தியம் பேட்டரி வேறு வகைத் தலைவலி. குப்பை வண்டியில் அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கும், வண்டியே எரிந்துபோன கதைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எந்த பேட்டரியும் எந்தக் குப்பைத்தொட்டிக்கும் போகக்கூடாது. சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: தெர்மாகோலையும் ஜிகினாச் சரத்தையும் கொல்லையில் கொளுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். தெர்மாகோல் கரும்புகையும் நச்சு வாயுவும் கக்கும். ஜிகினாச் சரம் பி.வி.சி. ஆக இருந்தால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வரும். தெர்மாகோலை அடுத்த முறை ஏதாவது பொருளைப் பொதிந்து அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாதாரணக் குப்பை.

கேள்வி: நிஜ மரம் நல்லதா, பிளாஸ்டிக் மரம் நல்லதா? எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் மரம் பழசாகிவிட்டது.

பதில்: பழசானால் என்ன, நிற்கிறதா? நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் பிளாஸ்டிக் மரத்துக்குச் சுமார் 40 கிலோ கார்பன் வெளியேற்றம் என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்கிட்டிருக்கிறது. அதே உயர நிஜ மரத்தைக் குப்பைமேட்டில் மக்கவிட்டால் சுமார் 16 கிலோ, சீவி உரமாகப் போட்டால் சுமார் 3.5 கிலோ. அதாவது 10, 12 வருஷமாவது பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் மரத்துக்கு நியாயம். இரும்பும் பி.வி.சி.யும் பின்னிப் பிணைந்திருப்பதால் அதை மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் அபூர்வம். நிஜ மரம் வைத்தவர்கள் ஜிகினா, கொக்கி, விளக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கழற்றிவிட்டுக் கொடுங்கள், செயற்கைப் பனி தெளித்த மரம் உரத்துக்கு ஆகாது.

கேள்வி: உடைந்த கண்ணாடி உருண்டைகளைப் பாட்டிலோடு போடலாமா?

பதில்: கூடாது. பாட்டில் கண்ணாடி வேறு, இது பூச்சு பூசியது. தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிச் சாதாரணக் குப்பையில் போடுங்கள். பெருக்குகிறவர், அள்ளுகிறவர் கை கிழியக்கூடாது.

கேள்வி: கஷ்டப்பட்டுத் தனித்தனியாகப் பிரித்து வைத்தேன். வண்டிக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனார். இனி எதற்குப் பிரிக்க வேண்டும்?

பதில்: கோபம் நியாயமானதுதான். சில வண்டிகளில் உள்ளே தடுப்பு இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகக் கொட்டுவதுபோல் தெரியும், அதனால் முதலில் அவரிடமே கேளுங்கள். உண்மையிலேயே கலக்கிறார்கள் என்றால் வண்டி எண், தேதி, நேரம் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒருவர் புகாரை ஓரமாக வைத்துவிடுவார்கள், ஒரு தெருவே எழுதினால் அது அவ்வளவு சுலபமில்லை. அதுவரை உலர்ந்த காகிதத்தையும் உலோகத்தையும் வண்டிக்குப் போடாமல் நேரே வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரியை மட்டும் எந்தக் கோபத்திலும் அந்த வண்டியில் போட்டுவிடாதீர்கள்.