முதல் ஸ்னோபோர்டு

கேள்வி: ஜனவரியில் ஜப்பானின் நிசேக்கோவுக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். இதுவரை பனியில் கால் வைத்திராத என் மகன், பனியில் நின்றபடி சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டை இப்போதே வாங்கித் தரும்படி கேட்கிறான். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 62 கிலோ. எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதல் பயணத்துக்குப் பலகையை அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. எந்தக் கால் முன்னால் நிற்கும் என்பதே ஓரிரு நாள் சறுக்கிய பிறகுதான் பலருக்கு உறுதியாகிறது. பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் காலணியில் செலவிடுங்கள். நாடாவை இறுக்கி நிமிர்ந்து நிற்கையில் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது.

நீளத்தைப் பொறுத்தவரை, பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் நுனி முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும் என்பது தோராயக் கணக்கே. பலகையை அழுத்தி வளைப்பது உடலின் எடை என்பதால், தயாரிப்பாளரின் எடை அட்டவணையையே நம்புங்கள். உங்கள் மகனுக்கு 150 சென்டிமீட்டரை ஒட்டிய பலகை பொருந்தும். எளிதில் வளையும் மென்மையான பலகையாகவும், விளிம்பு பனியில் சட்டென மாட்டிக்கொள்ளாதபடி முனைகள் சற்றே மேலெழுந்ததாகவும் இருக்கட்டும். காலணி பலகைக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் திருப்பத்தில் பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். ஆகவே அகலத்தையும் பாருங்கள்.

பின்னர் வாங்கினால், அதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் புகலிட அறையில் ஈரத்தோடு சாத்தி வைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் எஃகு விளிம்பு விரைவிலேயே துருவேறும்.