புது ஃபிளாட்: மீட்டர் வரவில்லை, சுவரில் ஈரம்

திருச்சியில் வாடகைக்குப் பார்த்த, புதிதாகக் கட்டிய ஃபிளாட்டில் படுக்கையறைச் சுவர் ஈரமாக இருக்கிறது, மின் மீட்டர் வரும்வரை கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே ஓட்டலாம் என்று உரிமையாளர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள். அந்தத் தற்காலிக இணைப்பில் யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது. மீட்டர் தாமதத்துக்குப் பெரும்பாலும் கட்டடத்தின் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைக்காததுதான் காரணம், அதன் நகலைக் கேளுங்கள். கூடுதல் மின்செலவு உரிமையாளருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து ஈரம். படுக்கையறைச் சுவரில் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. சுவரின் மறுபக்கம் குளியலறை என்றால் குழாய்க் கசிவாக இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் பெயின்ட் அடித்து மூட விடாதீர்கள்; சில மாதங்களில் உப்புப் பூத்து உரியும். அப்போது பழி வாடகைக்காரர் மேல்தான் விழும், ஆகவே குடிபுகும் முன்பே தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள்.