சோடி போன மாடு வாய் வைக்குதில்லை

கேள்வி: ஐயா, 2011 இல் மீள்குடியேறி வந்த கையோடு என் மாமனார் ஒரு சோடி நாம்பன்கள் வாங்கினவர். அப்போது அவைக்கு நாலு பல்லு. உழவு, வண்டில், பிறகு இரண்டு மூன்று வருசம் சவாரி என்று எல்லாம் செய்தவை. இப்போது ஒன்றுதான் மிச்சம், வயது பதினாறு தாண்டிவிட்டது. முந்திக் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் வந்து தப்பினது. போன வருசம் உண்ணிக் காய்ச்சல். அதன் சோடி ஆவணியில் செத்துப்போச்சு. இப்போது பிண்ணாக்கை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புது. நேற்று விரும்பித் தின்றதை இன்று தொடாது. வைக்கலை ஆவலாக இழுத்து, மென்று, கீழே போடுது. பக்கத்து வீட்டுக்காரர் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொட்டத்தால் (மூங்கில் குழாயால்) பருக்கச் சொல்கிறார். இன்னொருவர் இறைச்சிக்குக் கொடுத்துவிடு என்கிறார். மாமா அதற்குச் சம்மதிக்கமாட்டார், எனக்கும் மனமில்லை. என்ன கொடுத்தால் தின்னும்?
(வாசகி, விசுவமடு)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "மென்று, கீழே போடுது" என்பது ஒன்று. "அதன் சோடி ஆவணியில் செத்துப்போச்சு" என்பது மற்றது. என்ன கொடுக்கலாம் என்ற பேச்சு இவற்றுக்குப் பிறகுதான்.

தின்ன மனமில்லாத மாடு தொட்டிக்குக் கிட்ட வராது. வந்தாலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். தின்ன ஏலாத மாடு ஆவலாக வரும், வாயில் எடுக்கும், தலையைச் சரித்துச் சரித்து மெல்லும், கடைசியில் பாதி மென்ற உருண்டையாகக் கீழே விடும். உங்கள் மாட்டுக்கு வைக்கலில் நடப்பது இதுதான். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. கீழ்வாயின் எட்டு முன்பல்லில் நாலு விழுந்து முளைத்திருந்ததைப் பார்த்துத்தான் மாமா நாலு பல்லு என்று சொல்லி வாங்கியிருப்பார். அரைக்கிற வேலை முழுக்க உள்ளே இருக்கும் இருபத்துநாலு கடைவாய்ப் பல்லுக்குத்தான். இத்தனை வருசம் வைக்கல் அரைத்த பல்லு தேய்ந்திருக்கும், ஒன்றிரண்டு ஆடும், ஒன்று கூராக நின்று கன்னத்தை வெட்டும். வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கவேண்டாம், விரல் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு பிடி சாணகத்தை அரிதட்டில் போட்டுத் தண்ணியில் அலசிப் பாருங்கள். விரல் நீளத்துக்கு வைக்கல் துண்டுகளும் உடையாத மணிகளும் மிஞ்சினால் பல்லு வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வாயும் நாறினால் பல்லடியில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அதைக் கால்நடை வைத்தியர்தான் பார்க்கவேண்டும்.

அவர் வரும்போது கீழ் இமையையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ட மாட்டுக்கு இரத்தம் குறைந்து இமையின் உட்புறம் வெளிறிக் கிடக்கும். அப்படிப்பட்ட மாட்டுக்கு எவ்வளவு ருசியாக வைத்தாலும் பசி எடுக்காது.

வன்னியில் மேய்கிற மாடு என்றால் நான் கட்டாயம் கேட்கிற இன்னொரு விசயம் கம்பி. மாடு நாக்கால் சுழற்றி இழுத்து விழுங்குகிற பிராணி. எங்கள் ஆடுகளைப்போல் பொறுக்கித் தின்னாது. முள்ளுக்கம்பித் துண்டு, ஆணி, பழைய இரும்பு எல்லாம் புல்லோடு போய் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அது நெஞ்சுக்கு மிகக் கிட்ட இருக்கிற பை. முதுகை வில்லாக வளைத்து, முன் முழங்கைகளை அகட்டி வைத்து, படுக்கும்போது முனகி, பள்ளத்தில் இறங்கத் தயங்கினால் எந்தத் தீனையும் மாற்றிப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். 31 வருசம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகத் திரிந்தபோது, 'சாப்பாட்டில் கள்ளம்' என்று சொல்லப்பட்ட எத்தனையோ மாடுகளின் வயிற்றில் கம்பி இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. இடப்பக்கத்தில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே குழிவாக இருக்கும் இடத்தில் கையை முட்டியாக்கி அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிசத்தில் இரண்டு மூன்று தரம் உள்ளிருந்து கையைத் தள்ளவேண்டும். தள்ளுது, படுத்திருந்து இரையும் மீட்குது என்றால் வயிறு உயிரோடு இருக்கிறது, நமக்கு வேலை செய்ய அவகாசம் இருக்கிறது. முழுநாளும் இரைமீட்கவில்லை என்றால் மறுநாள் வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம்.

இனிக் கஞ்சி. அந்த அயலவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் செய்யாதீர்கள். தலையை உயர்த்தி, நாக்கை இழுத்துப் பிடித்துக் கொட்டத்தால் ஊற்றினால் பாதி சுவாசக் குழாய்க்குள் போகும். பலமில்லாத கிழட்டு மாடு அதனால் வருகிற சளிக்காய்ச்சலில் இருந்து எழும்பாது. அரிசியே பட்டினி கிடந்த மாட்டுக்கு ஆபத்து. வைக்கலுக்கும் புல்லுக்கும் பழகிய வயிற்றில் சோறோ அரிசியோ கூடுதலாக விழுந்தால் முழுக்கப் புளித்துப்போகும். கலியாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று மறுநாளே விழுந்த மாடுகளை இரணைமடுப் பக்கத்திலும் முள்ளியவளையிலும் கண்டிருக்கிறேன். தானாகக் குடித்தால், ஒரு சின்னப் பேணி கஞ்சியை ஒரு வாளி கழுநீரில் கலந்து வைக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

பல்லில்லாத மாட்டுக்கு நாங்கள்தான் பல்லு. எதைக் கொடுத்தாலும் விரற்கடை நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். பனையோலை கிழித்துப் போடுவதை நிறுத்துங்கள், அந்த நாரை இது அரைக்காது. வற்றாளங்கொடி, பயற்றங்கொடி, அகத்தி, குளக்கட்டுக்குக் கீழே வளரும் இளம்புல் நல்லவை. உங்கள் பக்கத்தில் கச்சான் பிடுங்குகிற காலத்தில் கொடியைக் கேட்டு வாங்குங்கள். வேர்மண்ணைக் கழுவிவிட்டு நறுக்கிப் போட்டால் வைக்கலைத் திரும்பிப் பார்க்காத மாடும் வாய் வைக்கும். சீமைக்கிளுவைக் குழையைப் பச்சையாக நீட்டினால் மணத்துக்கே விலகும், ஒருநாள் வாடவிட்டுக் கொடுங்கள். யூரியா வைக்கலைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணியில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பத்து நாள் மூடிவைக்கிற முறை. பால்மாடு வைத்திருப்பவர்களுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். மணத்துக்கு முகம் திருப்பும் உங்கள் மாட்டுக்கு அது சரிவராது.

பிண்ணாக்கை இராத்திரி ஊறவைத்துக் காலையில் கொடுக்கிறீர்களா? எங்கள் வெக்கையில் அது விடியுமுன் புளித்துவிடும். எங்களுக்குத் தெரியாத புளிப்பு மாட்டு மூக்குக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் ஊறினால் போதும். எள்ளுப் பிண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு இரண்டு பங்கு, கூழ்ப்பதம். மீதம் விட்டதை எடுத்துப் பசுவுக்கு வைத்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், பழையதின் மேல் புதியதைக் கொட்டவேண்டாம். வைக்கலை நறுக்கி, ஒரு வாளித் தண்ணியில் ஒரு பிடி உப்பும் ஒரு துண்டு பனங்கட்டியும் கரைத்துத் தெளித்துப் பாருங்கள். மூக்கில் சளி காய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்; மணம் பிடிக்காத மாடு தின்னாது. வெயிலில் வைத்துவிட்டு ஏமாறவேண்டாம். பொழுதுபட்ட பிறகு ஒரு தரம், விடியற்புறம் நாலு மணிக்கு ஒரு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வாயை உங்கள் கையாலேயே கொடுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது வரிக்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஒட்டுசுட்டானில் எங்கள் ஐயாவிடம் நெல்மூட்டை ஏற்றுகிற ஒரு சோடி இருந்தது. நுகத்தில் வலப்பக்கம் நிற்கிற வலத்தனைப் பாம்பு கடித்துவிட்டது. இடத்தன் இளம் மாடு, பல்லெல்லாம் பத்திரம், நோய் ஒன்றுமில்லை. ஆனாலும் தொட்டியில் வாய் வைக்காமல் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா கீரைக்கட்டு நீட்டினா, ஐயா பிண்ணாக்கைக் கையில் வைத்துக்கொண்டு இராத்திரி முழுக்கக் கொட்டிலில் இருந்தார். ஐந்தாம் நாள் பட்டியிலிருந்து ஒரு மலட்டுப் பசுவைக் கொண்டுவந்து, வலத்தன் நின்ற அதே கட்டையில் கட்டினார். அது குனிந்து வைக்கல் இழுக்கிற சத்தம் கேட்டது. இடத்தன் காதை அந்தப் பக்கம் திருப்பினது. அன்றிரவில்லை, அடுத்த இரவு அதுவும் குனிந்தது. மாடு கூட்டத்தில் தின்னப் பிறந்தது, தங்கச்சி. பக்கத்தில் ஒரு வாய் அரைக்கிற சத்தம் அதற்கு எங்கள் எந்த மருந்தையும்விடப் பெரிது. உங்கள் மாடு பதினாலு வருசம் ஒரே துணையோடு நுகத்தடியிலும் தொட்டியடியிலும் நின்றிருக்கிறது. பல்லு ஏலாமல் வைக்கலைத் துப்புகிற அதே மாடுதான் மெல்லவே தேவையில்லாத பிண்ணாக்குக்கும் முகம் திருப்புகிறது என்கிறீர்கள். பல்லும் துக்கமும் சேர்ந்து நிற்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இறைச்சிக்குக் கொடுக்கும் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம். தானாக எழும்ப ஏலாத நாள் வந்தால் வைத்தியரோடு பேசுவோம், அது வேறு கதை. ஒரு கவனம் மட்டும்: 2022 மார்கழியில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வயிறு நிறைந்த மாட்டுக்குத் தீன் செரிக்கிற சூடே போர்வை; உங்களுடையதுக்கு அது இல்லை. மழைக்கு முன்னம் கொட்டிலின் வாடைப்பக்கத்தை ஓலையால் அடைத்து, முதுகுக்கு இரண்டு சாக்கைத் தைத்து வையுங்கள்.

உங்கள் மாடு நுகத்தில் இடத்தனா வலத்தனா என்று எழுதவில்லை. மாமாவிடம் கேளுங்கள். சோடி நின்ற பக்கத்தில், அதே கட்டையில், வீட்டில் ஒரு கிடாரி இருந்தால் அதைக் கட்டி, முதலில் கிடாரிக்குத் தீன் போடுங்கள். நாலைந்து நாள் விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.