பறவை பார்க்கப் போகிறவர் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: இரண்டு மாதமாக வெறுங்கண்ணால் பறவை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைனாகுலர் வாங்கப் போனால் 8×42, 10×50, 20×50 என்று அடுக்குகிறார்கள். எண் கூடினால் நல்லது என்கிறார் விற்பவர். எதை எடுப்பது?

பதில்: 8×42 எடுங்கள். விற்பவர் சொன்னது பறவை பார்ப்பதற்குப் பொருந்தாது.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி உங்கள் கை நடுக்கத்தையும் 20 மடங்காக்கும். முக்காலியில் பொருத்தாமல் அதில் ஒரு பறவையை நிலையாகப் பார்க்க முடியாது. மடங்கு ஏற ஏறப் பார்வைப் பரப்பும் குறுகும். 1000 மீட்டர் தள்ளி இருப்பதை 8 மடங்குக் கருவி ஏறத்தாழ 120 முதல் 140 மீட்டர் அகலத்துக்குக் காட்டும். 10 மடங்கில் அது பெரும்பாலும் 100 முதல் 115 மீட்டர்தான். வெட்டவெளி ஏரியில் வாத்து பார்க்கிறவருக்கு இது பொருட்டில்லை. இலைக்கூட்டத்துக்குள் தாவித் திரியும் சிறு குருவியைத் தேடுகிறவருக்கு இதுதான் எல்லாம்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×42-க்கு 5.25 வரும். கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டர்தான் திறக்கும். விடியற்காலை மங்கலில் இன்னும் விரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது அந்த நேரத்தில்தானே. சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-க்கு இந்தக் கணக்கு 2.5 மட்டுமே. கைக்கு அடக்கம்தான், ஆனால் விடியலில் அதில் நிறம் பிரித்தறிவது கடினம். எடை தாங்காது என்பவர்கள் 8×32 எடுக்கலாம்.

ஜூம் பைனாகுலர் பக்கம் போகவே வேண்டாம். அதே விலையில் ஜூம் இல்லாத கருவி எப்போதும் தெளிவாகக் காட்டும்.

கேள்வி: நான் கண்ணாடி போடுகிறேன். நண்பரின் பைனாகுலரில் பார்த்தால் நடுவில் சின்ன வட்டம்தான் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு. என் கண்ணில் கோளாறா?

பதில்: கண்ணில் கோளாறு இல்லை. கண்பக்கத்தில் இருக்கும் ரப்பர் குவளையைத் திருகி முழுக்க உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். கண்ணாடி அணியாதவர்தான் அதை வெளியே இழுத்து வைக்க வேண்டும். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் கறுப்பு வளையம் போகவில்லை என்றால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது. வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. விவரத் தாளில் ‘ஐ ரிலீஃப்’ என்று போட்டிருப்பார்கள். கண்ணாடி அணிபவர் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பறவை இருக்கும் கிளையை முதலில் கண்டுபிடிக்கவே உங்களுக்குக் கண்ணாடி வேண்டும்.

கேள்வி: கடையில் வைத்தே தரம் பார்க்க வழி உண்டா? பழையது வாங்கலாமா?

பதில்: கருவியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, முன்பக்கம் வெளிச்சமான இடத்தை நோக்கி இருக்க, கண்பக்க வில்லையைப் பாருங்கள். நடுவில் ஒரு ஒளி வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் நல்லது. ஓரங்கள் வெட்டிச் சதுரமாக்கியதுபோல் சாம்பல் பூத்திருந்தால் மலிவான கண்ணாடி.

அடுத்து, உங்கள் கண்ணுக்கு அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வாங்கிய பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். வலப்பக்க வில்லையைக் கையால் மூடிவிட்டு, தொலைவில் ஏதாவது எழுத்தை இடக் கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே எழுத்தை வலக் கண்ணால் பார்த்து, அந்தக் கண்ணுக்கென்று இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இனி நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை. இத்தனைக்குப் பிறகும் உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் கண் வலித்தாலோ, இரண்டு குழலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழையது தாராளமாக வாங்கலாம். முன்பக்கம் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஈரம் புகாதபடி மூடி, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. என்னிடம் முதலில் இருந்தது அப்படி மூடாத கருவி. ஒரே மழைக்காலத்தில் உள்வில்லை பனி படர்ந்து போயிற்று.

கேள்வி: காட்டுக்குள் போக ராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட சட்டை கட்டாயமா?

பதில்: இல்லை. உங்கள் அலமாரியிலேயே தேவையானது இருக்கும். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று கண்ணை உறுத்தாத எதுவும் ஆகும். வெள்ளையைத் தவிருங்கள். பெரும்பாலான பறவைகள் நம்மைவிட அதிக நிறங்களைப் பிரித்துப் பார்க்கும். பலவற்றுக்குப் புறஊதாக் கதிரும் தெரியும். அதனால் புள்ளிச் சட்டை போட்டதும் அவற்றின் கண்ணுக்கு மறைந்துவிட மாட்டோம். அசைவும் ஓசையும்தான் அவற்றை விரட்டுகின்றன.

ஆகவே துணியைக் காதால் தேர்ந்தெடுங்கள். கையை வீசி நடந்து பாருங்கள்; ‘சரக் சரக்’ என்று உரசும் மழைச்சட்டை வேண்டாம். ஒட்டி ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பை வைத்த உடையும் வேண்டாம். நீரோரக் கொம்பில் அசையாமல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, நோட்டை எடுக்க நான் பையைப் பிரித்த அந்த ‘டர்’ரென்ற சத்தத்தில் பறந்து போனது. அன்றிலிருந்து பொத்தான் வைத்த பைதான்.

முழுக்கை, முழுக்கால் அவசியம். உண்ணியோ அட்டையோ இருக்கும் இடமானால் கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். காலுறை வெளிர்நிறமாக இருந்தால் ஊர்வது உடனே தெரியும். புதுச் செருப்பு, புது ஷூ போட்டு நீண்ட நடைக்குப் போக வேண்டாம். தொப்பியின் விளிம்பு மடங்கக்கூடியதாக இருக்கட்டும். விறைப்பான விளிம்பு பைனாகுலரில் இடித்துக்கொண்டே இருக்கும். வேட்டை நடக்கும் பகுதியில் மட்டும் மேலே சொன்னதை மறந்துவிட்டு, பளீரென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்கள். உயிர் முக்கியம்.

கேள்வி: பெரிய கேமரா இல்லாமல் பறவையை அடையாளம் காண முடியாதா?

பதில்: முடியும். முதல் ஆண்டு கேமரா வேண்டாம் என்பது என் கருத்து. படமெடுக்கப் போனால் பார்ப்பது குறைகிறது. உங்கள் பகுதிப் பறவைகளுக்கான கையேடு ஒன்றும், பென்சிலும், சிறு நோட்டும் போதும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: கழுத்து வலிக்கிறது. பைனாகுலரை எப்படிப் பராமரிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: 8×42 கருவி பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் எடை இருக்கும். கூடவே வரும் மெல்லிய வாரைக் கழற்றிவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் குறுக்காகப் போகும் வாரை வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய செலவுதான், வலி போய்விடும்.

வில்லையில் தூசி இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, அதற்கென உள்ள மென்துணியால் துடையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறிவிடும். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள். அது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். தடவிய பின் உள்ளங்கையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கருவியை எடுங்கள்.