முகம் சுளித்தவர்களை வரைந்தவர்கள்: கேள்வி பதில்

இம்மாத வாசிப்பு வட்டத்தில் வாசுகி அக்கா பதில் சொல்கிறார். உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தலைப்பு: பழைய ஓவியங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் மனம் புண்பட்டவர்கள், முகம் சுளித்தவர்கள், கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள்.

முகுந்தன் (செங்காங்): அக்கா, கோபத்தை வரைவதும் புண்பட்டதை வரைவதும் ஒன்றுதானே? இதற்குத் தனியாக ஒரு தலைப்பு வேண்டுமா?

வேண்டும் தம்பி. கோபத்தைக் காட்ட ஒரு முகம் போதும். புண்பட்டார் என்று காட்ட, யார் என்ன செய்தார் என்பதும் படத்துக்குள் வந்தாக வேண்டும். வியன்னாவில் மெஸ்ஸர்ஷ்மிட் என்று ஒரு சிற்பி இருந்தார். 1774-ல் கலைக்கழகப் பேராசிரியர் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. ஊரைவிட்டே போய்விட்டார். முகத்தைக் கோணி, உதட்டை இறுக்கி, கண்ணை இடுக்கி, தலை தலையாகச் செதுக்கினார். 1783-ல் இறந்தார். பத்து வருடம் கழித்து வியன்னாவில் 49 தலைகளைக் காட்சிக்கு வைத்தபோது, யாரோ ஒருவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டிவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் தலைக்கு ‘எரிச்சலடைந்த மனிதர்’ என்று பெயர். எதற்கு எரிச்சல்? வயிற்றுவலியாகக்கூட இருக்கலாம். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஜமீலா (தெம்பனிஸ்): எங்கள் மேல்மாடியில் ராத்திரி பதினோரு மணிக்கு நாற்காலி இழுக்கிறார்கள். சத்தத்தால் நொந்துபோனவரை யாராவது வரைந்திருக்கிறார்களா? அந்தப் படத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

ஒட்டாதீர்கள், ஜமீலா. அந்தப் படம் உங்கள் பக்கம் பேசாது.

ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1741-ல் போட்ட அச்சுப்படம், ‘கடுங்கோபத்தில் இசைக்கலைஞர்’. இடம் லண்டன். ஜன்னலுக்குள்ளே பட்டுச் சட்டையும் பொய்முடியுமாக ஒரு வயலின்காரர். பயிற்சி செய்ய முடியாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்துகிறார். தெருவில் என்ன இல்லை? ஒருவன் ஓபோ என்ற குழலை ஊதுகிறான். கைக்குழந்தையோடு ஒரு பெண் தெருப்பாட்டுப் பாடுகிறாள். சாணை பிடிப்பவனின் சக்கரம் கிறீச்சிட, பக்கத்தில் நாய் ஊளையிடுகிறது. ஒரு பையன் மேளம் அடிக்கிறான், ஒரு சிறுமி கிலுகிலுப்பை ஆட்டுகிறாள், குப்பைக்காரன் மணி அடிக்கிறான், மீன்காரன் கூவுகிறான். அத்தனைக்கும் நடுவில் தலையில் குடத்தோடு பால்காரி ஒருத்தி, நேராக நம்மைப் பார்த்து நடந்து வருகிறாள்.

கண்ணை ஓட்டிப் பாருங்கள். வயலின்காரருக்குக் கிடைத்திருப்பது ஓரத்தில் ஒரு ஜன்னல். மீதி இடமெல்லாம் தெருவுக்கு. பால்காரியின் முகம்தான் படத்திலேயே அழகான முகம். நம்மையும் தெருவில் நிறுத்தி, அங்கிருந்து ஜன்னலைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார் ஹோகார்த். இந்த வகைப் படம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஓவியர் நம்மை யார் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்? புண்பட்டவருக்குப் பின்னாலா, எதிரிலா?

நாற்காலிக்காலுக்குக் கம்பளி ஒட்டு கடையில் கிடைக்கும். மேல்வீட்டுக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள்.

ரிஷி (தொடக்கக்கல்லூரி மாணவர்): 2017-ல் தேசிய கலைக்கூடத்தில் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தின் இம்ப்ரஷனிஸ்ட் படங்கள் வந்தபோது அம்மா அழைத்துப் போனார். எல்லாமே அழகாகத்தானே இருந்தன? இதற்கா அப்போது அவ்வளவு எதிர்ப்பு?

எதிர்ப்பு இருந்தது ரிஷி. ஒளியையும் நிறத்தையும் விரைவான தூரிகை வீச்சில் பிடித்தவர்கள் இம்ப்ரஷனிஸ்டுகள்; அன்றைக்குப் பலருக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. எதிர்த்தவர்களை வரைந்தே சிலர் பிழைத்தார்கள். ‘லெ ஷாரிவாரி’ என்ற பாரிஸ் நாளிதழில் ஷாம் என்பவர் 1877-ல் ஒரு சித்திரம் போட்டார். இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியின் வாசலில் ஒரு கர்ப்பிணி. காவலர் கையை நீட்டி மறிக்கிறார்: உள்ளே போவது உங்களுக்கு நல்லதில்லை அம்மா, திரும்பிப் போங்கள். அந்த வருடம் ரஷ்ய–துருக்கிப் போர் நடந்தது. துருக்கியர்கள் அந்தப் படங்களை வாங்கிப் போருக்குக் கொண்டுபோவதாக இன்னொன்று வரைந்தார். எதிரி பார்த்தால் ஓடிவிடுவானாம்!

இதே பத்திரிகையில் டோமியே என்ற கேலிச்சித்திரக்காரர் 1860களில் வரைந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அரசுக் கண்காட்சிக்கு வந்த இரண்டு பெண்மணிகள், பெரிய தொப்பியும் விறைத்த முகமுமாக. இந்த வருடமும் வீனஸ் (ரோமர்களின் காதல் தெய்வம்), எப்போது பார்த்தாலும் வீனஸ், இப்படியெல்லாம் உடம்பு வாய்த்த பெண்கள் எங்கேயாவது இருக்கிறார்களா என்று ஒருத்தி பொருமுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் கலை தெரியாதவர்களைக் கிண்டல் செய்கிற படம். ஆனால் அவள் கேட்பதில் என்ன தப்பு? நிர்வாண வீனஸ்களை வரிசையாக மாட்டிவைத்த ஆண்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விதானே? டோமியே பாதி அவள் பக்கமும் நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஷாமிடம் அந்த இரண்டு மனசு கிடையாது.

சேகர் (ஜூரோங்): அரசர்கள், பிரதமர்கள் கோபப்பட்டால் என்ன ஆகும்? கார்ட்டூன் போட்டவர் கதை முடிந்தது, அவ்வளவுதானே?

சில சமயம் கோபமே அடுத்த கார்ட்டூனாக வந்துவிடும். 1803 மார்ச்சில் நெப்போலியன் பாரிஸ் அரண்மனையில் எல்லோர் முன்னிலையிலும் பிரிட்டிஷ் தூதர் விட்வொர்த்திடம் சீறி விழுந்தார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் தன்னைக் கேவலப்படுத்துகின்றன என்பது அவருடைய நீண்ட நாள் புகார். மே மாதம் போர் மூண்டது. அதே மே மாதம் லண்டனில் கேலிச்சித்திரக்காரர் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். பொம்மை அளவுக்கு ஒரு நெப்போலியன், மேசை நாற்காலியைக் கவிழ்த்து, காகிதமெல்லாம் சிதற, “ஐயோ, இங்கிலீஷ் பத்திரிகைகள்!” என்று குதிக்கிறார். உண்மையில் அவர் உயரம் சுமார் 168 செ.மீ., அந்தக் காலப் பிரெஞ்சுக்காரருக்குக் குறைச்சல் இல்லை. இன்றைக்கும் அவரைக் குள்ளர் என்கிறோமே, அதில் கில்ரேயின் கைவரிசை நிறையவே உண்டு.

பிரான்ஸின் லூயி பிலிப் மன்னர் கதை இதைவிட நீளம். அவர் முகம் பேரிக்காய் மாதிரி இருக்கிறது என்று கிண்டல். பத்திரிகை ஆசிரியர் ஃபிலிப்போனை 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் அங்கேயே நான்கு படம் வரைந்தார். முதலில் மன்னர் முகம், அடுத்து கொஞ்சம் கன்னம் தொங்கி, அடுத்து இன்னும் தொங்கி, நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றமில்லை என்றால் இரண்டாவதும் அதைப் போலத்தானே இருக்கிறது, அப்படியானால் மூன்றாவது? எந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது என்று கேட்டார். ஆறு மாதம் சிறை, 2000 ஃபிராங்க் அபராதம். மன்னரைப் பெருந்தீனிக்காரராக வரைந்த டோமியேக்கும் ஆறு மாதம். 1834-ல் ‘லெ ஷாரிவாரி’க்கே ஒரு தண்டனை வந்தபோது, அந்தத் தீர்ப்பையே அது பேரிக்காய் வடிவத்தில் அச்சுக்கோத்து வெளியிட்டது! 1835-ல் தணிக்கைச் சட்டம் வந்து கதையை முடித்தது. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.

பிரிட்டனில் வேறு வழி, பணம். 1820-ல் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 100 பவுன் வாங்கிக்கொண்டு, மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

கோமதி (ஈசூன்): எல்லாம் வெள்ளைக்காரக் கதையாகவே இருக்கிறதே. நம் பக்கம் யாருக்கும் கோபமே வராதா?

வராமலா! தாருகாவனத்து முனிவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் பிச்சாண்டியாக வந்து தங்கள் மனைவிமார் மனத்தைக் கலைத்துவிட்டார் என்று வேள்வி வளர்த்துப் புலியை ஏவினார்கள், பாம்பை ஏவினார்கள், முயலகனை ஏவினார்கள். நடராசர் சிலையைப் பாருங்கள். புலித்தோல் இடுப்பில், பாம்பு மேனியில், முயலகன் காலடியில். புண்பட்டவர்கள் அனுப்பியதெல்லாம் அவருக்கு அணிகலன் ஆகிவிட்டது. அனுப்பிய முனிவர்களைத்தான் சிலையில் காணோம். கில்ரே படத்தின் நியாயம்தான் இங்கேயும்: கோபப்பட்டவர் தோற்றார்.

கோபித்துக்கொண்டது அம்மன் என்றால் கதை தலைகீழ். பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் சுற்றுவேன் என்று அடம்பிடித்தார். சிவனும் தேவியும் ஓருடலாக நின்றபோது வண்டாக மாறித் துளைத்துக்கொண்டு போனார். தேவிக்கு அது அவமானம். முனிவர் உடம்பிலிருந்த தசையும் இரத்தமும் போகட்டும் என்று சபித்தாள். நிற்க முடியாமல் தவித்தவருக்குச் சிவன் மூன்றாவது காலைக் கொடுத்தார். கர்நாடகத்தில், பாதாமி முதல் குகையில், ஆறாம் நூற்றாண்டுச் சிற்பத்தில், அர்த்தநாரீசுவரர் பக்கத்தில் எலும்பும் தோலுமாக நிற்கிறார் பிருங்கி. தேவி முகத்தில் ஒரு சுளிப்பும் கிடையாது. அவள் எவ்வளவு புண்பட்டாள் என்பதை முனிவரின் விலா எலும்பை எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சிற்பிக்கு முகமே தேவைப்படவில்லை பாருங்கள்.

திருவண்ணாமலையில் இது இன்றும் நடக்கிறது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல். அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுந்தரர் தூது போகிறார். சுவாமி இரவு வெளியில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்து, அதற்கப்புறம்தான் சமாதானம். புண்பட்டவள் பக்கம் ஊரே திரண்டு நிற்கிறது. ஐரோப்பியக் கேலிச்சித்திரத்தில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

வள்ளுவரிடம் சிரிப்பும் உண்டு. 1317-ஆம் குறளில் காதலன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், அடுத்த நொடி யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உம்மை நினைப்பவரை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. இரண்டு கட்டம் போட்டால் அப்படியே கார்ட்டூன்.

பெயர் வேண்டாம் (அங் மோ கியோ): இப்போதுதான் எல்லாரும் எதற்கெடுத்தாலும் புண்படுகிறார்கள். அந்தக் காலத்தில் கலைஞனுக்குச் சுதந்திரம் இருந்தது.

இல்லை ஐயா. வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ வரைந்த சுவரோவியம் ‘இறுதித் தீர்ப்பு’ 1541-ல் முடிந்தது. அது முடியுமுன்பே, போப்பின் சடங்கு அதிகாரி பியாஜோ, இத்தனை நிர்வாணம் குளியலறைக்கும் மதுக்கடைக்கும்தான் பொருந்தும் என்று முகம் சுளித்தாராம். நரகத்து நீதிபதி மினோஸுக்கு அவர் முகத்தையே வைத்து, கழுதைக் காதும் ஒட்டி, உடம்பில் பாம்பைச் சுற்றிவிட்டார் மைக்கலாஞ்சலோ. பியாஜோ புகார் சொன்னபோது, நரகத்தில் என் அதிகாரம் செல்லாதே என்று போப் கைவிரித்ததாகக் கதை. ஆனால் மைக்கலாஞ்சலோ இறந்த மறுவருடம், 1565-ல், இன்னொரு ஓவியரை விட்டு அந்த உடம்புகளில் பலவற்றுக்குத் துணி வரைய வைத்தார்கள். 1573-ல் வெனிஸில் வெரொனேஸே வரைந்த இயேசுவின் கடைசி விருந்தில் கோமாளியும் குடிகாரரும் எதற்கு என்று சமய விசாரணை மன்றம் குடைந்தது. அவர் படத்தை மாற்றவில்லை. தலைப்பை ‘லேவியின் வீட்டு விருந்து’ என்று மாற்றிவிட்டார்.

நம் பக்கத்தில் 1987. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு: மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் மந்திரி. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். பின்னால் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சட்டமன்றத்தின் கோபம் அந்த அட்டையைப் படிக்காதவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஹரிணி (பொங்கோல்): சிங்கப்பூரில்?

2015-ல் சானி லியூவின் சித்திரநாவல் ‘த ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சை’க்குக் கொடுத்திருந்த 8000 வெள்ளி மானியத்தைத் தேசிய கலைகள் மன்றம் திரும்பப் பெற்றது. 2017-ல் அதே நூலுக்குச் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று. இங்கே புண்பட்டவர் யாரும் படத்துக்குள் இல்லை, அதனால் நம் தலைப்பில் பாதிதான் பொருந்தும். தலைப்புக்கு முழுக்கப் பொருந்துவது 2011-ஆம் ஆண்டுக் குழம்பு விவகாரம். பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று ஒரு புகார் எழுந்ததைக் கேள்விப்பட்டு, ஆகஸ்ட் 21 அன்று எல்லா இனத்தவரும் குழம்பு வைத்தார்கள். ஹோகார்த் இருந்திருந்தால் ஜன்னலையும் வரைந்து, தெரு நிறையச் சட்டியையும் வரைந்திருப்பார்.

கண்ணன் (புக்கிட் பாத்தோக்): குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட ஏற்ற படம் ஏதாவது?

இருக்கிறது. 1898 பிப்ரவரியில் ‘லெ ஃபிகாரோ’வில் காரான் தாஷ் வரைந்த ‘குடும்ப விருந்து’. டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மீதான தேசத்துரோக வழக்கில் பிரான்ஸே இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். முதல் கட்டத்தில் குடும்பமே மேசையைச் சுற்றி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. டிரைஃபஸ் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்கிறார் பெரியவர். இரண்டாவது கட்டத்தில் கழுத்தைப் பிடிக்கிறார்கள், நாற்காலி உருள்கிறது. கீழே: “பேசிவிட்டார்கள்.” யார் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதனால் யார் பக்கமும் சாயாது. தைரியமாகப் போடுங்கள்.

லதா (சுவா சூ காங்): மகளுக்கு உயர்நிலை 2 ஓவிய ஒப்படைப்பு, “புண்பட்ட ஒருவர்”. எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

பிரெஞ்சு ஓவியர் லெ ப்ருன் 1668-ல் ஆற்றிய உரையில், மனத்தின் கொந்தளிப்பு அதிகம் தெரிவது புருவத்தில் என்றார். பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் முகத்தில் தொடங்க வேண்டாம். தேடலில் H. M. Bateman என்று ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், 1920களின் ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர். அணிவகுப்பில் துப்பாக்கியைக் கீழே போட்ட சிப்பாய் ஒருவனை வரைந்திருக்கிறார். சுற்றியுள்ள அதிகாரிகளுக்குக் கண் பிதுங்குகிறது, உடம்பு வெடிக்கப் பார்க்கிறது. தப்புச் செய்தவன் மட்டும் சுண்டைக்காய் அளவு. மகள் முதலில் தப்பு என்ன என்று முடிவு செய்யட்டும், அதைச் செய்தவரை ஒரு மூலையில் சின்னதாக வரையட்டும். மீதித் தாள் முழுக்கப் புண்பட்டவருக்கு. வண்ணம் வேண்டாம், கறுப்புப் பேனா போதும். புருவத்தைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.