ஹிண்டன்பர்க் தீவிபத்தில் 14 வயதுச் சிறுவன் எப்படித் தப்பினான்?

ஹிண்டன்பர்க், லேசான வாயு நிரப்பிப் பறந்த ஜெர்மன் வான்கப்பல்; வெர்னர் ஃபிரான்ஸ் அதில் எடுபிடிப் பையன். 1937 மே 6 மாலை, நியூ ஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் கப்பல் தரையிறங்கும்போது, அதிகாரிகளின் உணவறையில் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். வாலருகே பற்றிய தீ, 245 மீட்டர் நீளக் கப்பலை அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தின்றுவிட்டது. உள்ளே இருந்தது ஏறக்குறைய 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன்.

வால் முதலில் சரிந்ததால் மூக்கு மேலெழுந்தது. தீ உள்வழியே முன்னோக்கிப் பாய்ந்தது. அப்போதுதான் வெர்னரின் தலைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து, அவன் தொப்பலாக நனைந்தான். உறைந்து நின்றவனுக்குச் சுயநினைவு தந்ததும், உடலைத் தீயிலிருந்து காத்ததும் அந்தத் தண்ணீர்தான். மளிகைச் சாமான் ஏற்றும் தரைக்கதவை உதைத்துத் திறந்தான். ஆனால் உடனே குதித்துவிடவில்லை. தரை நெருங்கும்வரை பொறுத்துக் குதித்தான்; கப்பல் தரையில் மோதி ஒருமுறை மேலே எம்பிய இடைவெளியில் அடியிலிருந்து ஓடிவிட்டான். முன்னரே குதித்திருந்தால் உயரமே கொன்றிருக்கும், தாமதித்திருந்தால் எரியும் கூடு மேலே விழுந்திருக்கும். பெரிய காயம் எதுவும் இல்லை.

அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது, அதன் சுவாலை மேல்நோக்கியே எழும். கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைக்க அதுவும் ஒரு காரணம். அதே கப்பலில் பயணித்த இன்னொரு சிறுவனான 8 வயது வெர்னர் டோனரையும் அவன் அண்ணனையும் தாய் ஜன்னல் வழியே வெளியே வீசிக் காப்பாற்றினார். தந்தையும் அக்காவும் பிழைக்கவில்லை.